செப்ரெம்பரில் மரியாதை, ஜூனில் விடாமுயற்சி

ரொறொன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் ஆரம்பப் பள்ளியில் பிள்ளை படித்த வீடுகளுக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. செப்ரெம்பர், மரியாதை. ஒக்ரோபர், பொறுப்பு. நவம்பர், பரிவு. டிசம்பர், அன்பும் அக்கறையும். ஜனவரி, கூட்டுவேலை. பெப்ரவரி, நியாயம். மார்ச், நேர்மை. ஏப்ரல், ஒத்துழைப்பு. மே, நாணயம். ஜூன், விடாமுயற்சி. பத்து மாதத்துக்குப் பத்துக் குணம். ஜூலையும் ஓகஸ்டும் விடுமுறை. அந்த இரண்டு மாதமும் குணமில்லாமலே கழிக்கலாம். ஜனவரியின் கூட்டுவேலைக்கும் ஏப்ரலின் ஒத்துழைப்புக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கியதில்லை. பத்து மாதத்தை நிரப்ப ஒன்று குறைந்திருக்க வேண்டும்.

ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கத்துக்குப் போனால் பட்டியல் மாறிவிடும். யோர்க் பிரதேசக் கல்விச் சபையிடமும் பத்துக் குணங்கள்தான். ஏழு பொதுவானவை. ஆனால் தெற்கே அன்பு, கூட்டுவேலை, ஒத்துழைப்பு என்று இருக்கும் இடத்தில் வடக்கே துணிவு, முன்முயற்சி, நன்னம்பிக்கை என்று இருக்கின்றன. ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு மார்க்கத்தில் வீடு வாங்கிக் குடிபோகும் நம் சனத்தின் பிள்ளைகளுக்கு ஒரு கோடை விடுமுறைக்குள் துணிவு சேர்ந்து, அன்பு கழிந்துவிடுகிறது. அப்பா அம்மாவுக்குக் கூடியது மோட்கேஜ் மட்டும்.

கேலியாகத் தொடங்கினாலும் விஷயம் கேலிக்குரியதல்ல. நல்ல குணங்களைப் பெயர் சொல்லிக் கற்பித்தால் வகுப்பறை ஒரு சமூகமாகிவிடும் என்ற நம்பிக்கையின் மீது ஒன்ராறியோவின் பள்ளிகள் இருபது ஆண்டுகளாக நேரம் செலவிட்டு வருகின்றன. அந்த நம்பிக்கை தவறு என்பது என் வாதம். அதே தவறை நம்முடைய சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளும் செய்கின்றன, அதுவும் இன்னும் பழைய முறையில், இன்னும் பெருமையோடு. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பட்டியலிலிருந்தே தொடங்கலாம். எந்தக் குணப் பட்டியலும் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ கூடி உட்கார்ந்து இது வேண்டும், அது வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். இது தமிழருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தியே இல்லை. ஏனென்றால் நம்மிடம் இரண்டு ஆத்திசூடி இருக்கிறது. ஔவையினுடையது 109 அடி. பாரதி அதே வடிவத்தை எடுத்து 110 அடியில் வேறொன்று எழுதினார். ஔவை அறத்தை விரும்புவதில் தொடங்கி உடனே சினத்தைத் தணிக்கச் சொல்கிறார். பாரதி அச்சத்தைக் கைவிடுவதில் தொடங்குகிறார். பிறகு ஓரிடத்தில் சீற்றத்தைப் பயிற்சி செய்யும்படியே கேட்கிறார். அடிமைப்பட்ட நாட்டில் வளரும் பிள்ளைக்கு ஆறிய சினம் ஒரு நற்குணமாக அவருக்குத் தோன்றவில்லை. ஒரே வடிவம், அதே மொழி, நேர் எதிரான குழந்தை. ஆகவே ஒரு பள்ளி எந்தக் குணத்தைச் சுவரில் ஒட்டுகிறது என்று பார்க்கும்போது, அந்தப் பள்ளிக்கு எப்படிப்பட்ட பிள்ளை வசதியானது என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரொறொன்ரோவின் பத்தில் துணிவு இல்லை. கேள்வி கேட்பது இல்லை. மறுப்பது இல்லை. நியாயம் இருக்கிறது, பெப்ரவரியில், ஆண்டின் மிகக் குறுகிய மாதத்தில்.

இது எப்படி வந்தது என்பதையும் ஞாபகப்படுத்த வேண்டும். 2000இல் ஒன்ராறியோ அரசு பாதுகாப்பான பள்ளிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிறு பிழைக்கும் இடைநிறுத்தம், பெரிய பிழைக்கு வெளியேற்றம் என்று கண்டிப்பை இறுக்கிய சட்டம். 2003இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு அந்தச் சட்டத்தின் விளைவுகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கறுப்பின மாணவர்களும் ஊனமுள்ள மாணவர்களும் அளவுக்கு மீறித் தண்டிக்கப்படுகிறார்கள் என்ற கவலைதான் அதன் மையம். அதற்காக நேர்காணப்பட்டவர்களில் பலர், ஒரே பிழைக்கு மற்றவர்களைவிடக் கடுமையாக நடத்தப்படுகிறவர்கள் என்று பெயர் சொன்ன கூட்டங்களில் தமிழ் மாணவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்து ஸ்காபரோவில் பள்ளிக்குப் போனவர்களுக்கு அறிக்கை தேவையில்லை. நாலு தமிழ்ப் பெடியன்கள் லொக்கருக்குப் பக்கத்தில் நின்றாலே அது 'கேங்'.

2006இல் மாகாண அரசு குணவளர்ச்சி முயற்சியை அறிவித்தது. 2008இல் அதன் கொள்கை ஆவணம் வந்தது. அதே 2008இல்தான் பழைய சட்டத்தின் கடுமை தளர்த்தப்பட்டுப் படிமுறை ஒழுங்கு நடவடிக்கை என்ற புதிய முறை நடைமுறைக்கு வந்தது. தடியை வைத்துவிட்டுப் போஸ்டரை எடுத்தார்கள் என்று சொன்னால் கொச்சையாக இருக்கும். முயற்சியை முன்னின்று நடத்திய அவிஸ் கிளேஸ் ஜமேக்காவில் பிறந்து இங்கே வந்து கல்வித்துறையில் உயர்ந்த கறுப்பினப் பெண்மணி. விலக்கப்படும் பிள்ளைகளைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஆவணமும் நியாயமானது. இது தனிப் பாடத்திட்டமல்ல, பள்ளியின் எல்லா நடைமுறையிலும் ஊடுருவ வேண்டியது என்று அது தெளிவாகவே சொன்னது. ஆனால் நல்ல ஆவணத்தைப் படித்து, நடைமுறையை மாற்றுவது கடினம். பத்துச் சொல்லை அச்சடிப்பது சுலபம். சுலபமானது நடந்தது.

மாதாந்த ஒன்றுகூடலைப் பார்த்திருப்பீர்கள். ஜிம் தரையில் பிள்ளைகள் வரிசையாகச் சப்பணமிட்டு இருப்பார்கள். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு பிள்ளையின் பெயர் வாசிக்கப்படும். 'இந்த மாதம் பரிவைக் காட்டியவர்.' பிள்ளை எழுந்து போய்ச் சான்றிதழ் வாங்கும்; வகுப்பில் மிச்சமிருக்கும் இருபத்தைந்து பேர் கைதட்டுவார்கள். பரிவு என்பது ஒருவர் வென்று மற்றவர்கள் தோற்கும் போட்டி என்று இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க முடியாது. மேலும், பிள்ளைகள் மக்குகளல்ல. செப்ரெம்பரில் வாங்கியவருக்கு ஜூன் வரை இனிக் கிடைக்காது என்பதையும், எல்லாருக்கும் ஒருமுறை கிடைக்கும்படி ரீச்சர் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருப்பார் என்பதையும் இரண்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிறகு அது தவணைக்குக் கிடைக்கும் ரேஷன்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் செய்த ஒரு சோதனை இதோடு தொடர்புடையது. வண்ணப் பேனாவால் கீறுவதில் தாமாகவே ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு, கீறினால் நாடா கட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே பரிசை எதிர்பார்த்துக் கீறியவர்களுக்குத்தான் பேனாவில் ஆசை குறைந்திருந்தது. சித்திரத்துக்கே இந்தக் கதி என்றால் அன்புக்கு என்ன கதி?

குணத்தைத் தனியாக எடுத்துக் கற்பித்தால் அது நடத்தையில் வந்து சேருமா என்ற கேள்வி பழையது. 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 11,000 பிள்ளைகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஏமாற்ற வாய்ப்புள்ள பரீட்சைகள், விளையாட்டுகள், காசு தொடர்பான சோதனைகள் என்று பலவிதமாக. முடிவு அவர்களையே திகைக்க வைத்தது. நேர்மையான பிள்ளை, நேர்மையற்ற பிள்ளை என்று பிரிக்க முடியவில்லை. கணக்குப் பரீட்சையில் பார்த்து எழுதியவர் விளையாட்டில் ஏமாற்றவில்லை. அங்கே ஏமாற்றியவர் இங்கே ஏமாற்றவில்லை. எது சரி என்று சொல்லத் தெரிந்திருப்பதற்கும் அதைச் செய்வதற்கும் இடையில் தொடர்பு மெல்லியது. சந்தர்ப்பம்தான் பெரிதாக வேலை செய்தது.

அது பழைய கதை என்பவர்களுக்குப் புதியது ஒன்று. அமெரிக்க மத்திய கல்வித்துறையின் ஆராய்ச்சிப் பிரிவு 2010இல் வெளியிட்ட பெரிய மதிப்பீடு. பள்ளி முழுவதற்குமான ஏழு குணவளர்ச்சித் திட்டங்கள், 84 பள்ளிகள், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அதே பிள்ளைகள். யாருக்குத் திட்டம், யாருக்கு இல்லை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. நடத்தை, படிப்பு, பள்ளியின் சூழல் எதிலும் சராசரியாக முன்னேற்றம் காணப்படவில்லை. இவை நன்றாகப் பணம் போட்டு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்திய திட்டங்கள். நம் பள்ளியின் நடைபாதைப் போஸ்டர் இவற்றுக்குப் பக்கத்திலும் வராது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. 2011இல் டுர்லாக்கும் சகாக்களும் 213 சமூக, உணர்ச்சிக் கற்றல் திட்டங்களின் ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள்; மொத்தம் 2,70,034 மாணவர்கள். நடத்தை மேம்பட்டது, படிப்பும் மேம்பட்டது என்றார்கள். சரி. ஆனால் அந்த ஆய்வையே கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், பலன் தந்தவை எவை என்பதும் அதிலேயே இருக்கிறது. படிப்படியாக அமைந்தவை, பிள்ளைகளே செய்து பழகியவை, போதிய நேரம் ஒதுக்கியவை. கோபம் வரும்போது என்ன செய்வது, சண்டையை எப்படிப் பேசித் தீர்ப்பது, உதவி எப்படிக் கேட்பது போன்ற குறிப்பான திறன்கள். மாதத்துக்கொரு சொல்லை ஒலிபெருக்கியில் அறிவிப்பதை அந்த ஆய்வைக் காட்டி நியாயப்படுத்துவது, நீந்துவது உடம்புக்கு நல்லது என்ற செய்தியைக் காட்டித் தண்ணீரின் படத்தை விற்பது மாதிரி.

போஸ்டர் பயனற்றது மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சுவரில் இருந்துவிட்டுப் போகட்டும். அது குணத்தை மதிப்பிடும் பழக்கத்துக்கு வழி திறக்கிறது, அந்த மதிப்பீடு எல்லாப் பிள்ளைகள் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. இதுதான் என் உண்மையான சண்டை.

ஒன்ராறியோ றிப்போர்ட் கார்டின் முதல் பக்கத்தை எடுங்கள். 2010இல் வந்த மதிப்பீட்டுக் கொள்கையின்படி அங்கே ஆறு தலைப்புகள்: பொறுப்பு, ஒழுங்கமைத்தல், தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், முன்முயற்சி, தன்னை ஒழுங்குபடுத்தல். ஒவ்வொன்றுக்கும் ஈ, ஜீ, எஸ், என் என்று ஓர் எழுத்து. மிகச் சிறப்பு, நன்று, திருப்தி, முன்னேற்றம் தேவை. நம் பெற்றோர் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கணிதத்துக்குப் போய்விடுகிறார்கள். அது மகா பிழை. கணக்கு மார்க்குக்குப் பின்னால் ஒரு பரீட்சைத் தாள் இருக்கிறது. போய்க் கேட்கலாம், காட்டுவார்கள். 'தன்னை ஒழுங்குபடுத்தல்: என்' என்பதற்குப் பின்னால் என்ன தாள் இருக்கிறது? ஓர் ஆசிரியரின் மனப்பதிவு. அந்த மனப்பதிவில் பிள்ளையின் குரல் உயரம் இருக்கிறது, கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளா என்பது இருக்கிறது, வீட்டில் என்ன மொழி என்பது இருக்கிறது.

கண்ணைப் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஏசும்போது தலையைக் குனிந்து நிற்பதுதான் மரியாதை என்று வீட்டில் கற்ற பிள்ளை, பள்ளியில் ஏசு வாங்கும்போதும் குனிகிறது. 'நான் பேசும்போது என்னைப் பார்!' அதே செயல் ஒரு கூரையின் கீழ் மரியாதை, இன்னொரு கூரையின் கீழ் அவமரியாதை. செப்ரெம்பர் மாதம் முழுக்க மரியாதை என்ற சொல்லை எழுதி ஒட்டிய வகுப்பில், அந்தப் பிள்ளையின் மரியாதை மரியாதையாகத் தெரியவில்லை. அதே வகுப்பில், நாலு அசையுள்ள தமிழ்ப் பெயரை முதல் வாரத்திலேயே இரண்டு அசையாக்கி, 'உனக்குப் பரவாயில்லைத்தானே?' என்று கேட்டிருப்பார்கள். பிள்ளை பரவாயில்லை என்றுதான் சொல்லும். ஆறு வயது. வேறு என்ன சொல்லும்?

அளக்க முடியாததை அளப்பதைப் பற்றி அந்தத் துறைக்காரர்களே எச்சரித்திருக்கிறார்கள். விடாமுயற்சி ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற ஆஞ்சலா டக்வேர்த்தே 2015இல் டேவிட் யேகருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இந்தக் குணங்களை அளக்கும் இன்றைய கருவிகளை மாணவர்களையும் பள்ளிகளையும் தரம் பிரிக்கப் பயன்படுத்தக்கூடாது என்று வாதாடினார். வகுப்புக்கு வகுப்பு அளவுகோலே மாறுகிறது என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. கட்டுப்பாடான வகுப்பில் சாதாரணப் பிள்ளை சோம்பேறியாகத் தெரிவாள்; குழப்பமான வகுப்பில் அதே பிள்ளை உத்தமி.

2009ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் இந்த நகரத்தின் வகுப்புகளில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் இரவு முழுக்கத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்து மேசையில் தலை சாய்த்திருப்பார்கள். மே 10ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கியவர்களில் பாதிப்பேர் இங்கே படித்த, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போலத்தான் தெரிந்தது. அவர்கள் செய்ததில் நம் பட்டியல்களிலுள்ள துணிவும் விடாமுயற்சியும் முன்முயற்சியும் இருந்தன. நகரம் அதை ஒழுங்கீனம் என்று பார்த்தது. நெடுஞ்சாலையை மறித்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். எனக்கு முக்கியமானது வேறு: அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் போன பிள்ளையோடு அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நேரம், ஒரு வழக்கம், ஒரு வட்டம் எத்தனை வகுப்புகளில் இருந்திருக்கும்? பரிவு நவம்பரில் முடிந்துபோயிருந்தது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் போஸ்டர் இல்லை, திருக்குறள் இருக்கிறது. முறை ஒன்றுதான். அதிகாரத்தைக் கொடு, மனனம் செய், மேடையில் ஏற்று, எத்தனை குறள் என்று எண்ணு, கேடயம் கொடு. பிள்ளைக்கு அர்த்தம் தெரியுமா என்று கேட்டால், பொழிப்புரையையும் மனனம் செய்யவைக்கிறோமே என்பார்கள். எந்த அதிகாரங்கள் கொடுக்கப்படுகின்றன என்று ஒருமுறை பாருங்கள். அடக்கமுடைமை வரும். பொறையுடைமை வரும். ஒழுக்கமுடைமை, இனியவை கூறல் கட்டாயம் வரும். அரசன் கொடுமை செய்தால் என்ன ஆகும் என்று பேசும் கொடுங்கோன்மை வராது. வறுமை மனிதரை என்ன செய்யும் என்று பேசும் நல்குரவு வராது. வள்ளுவர் 133 அதிகாரத்தில் 70ஐப் பொருட்பாலுக்குக் கொடுத்தார், அறத்துப்பாலுக்கு 38தான். குணத்தோடு சேர்த்து அந்தக் குணம் வாழவேண்டிய நாட்டையும் அமைச்சையும் வறுமையையும் எழுதியவர் அவர். நாம் அவரிடமிருந்து அடங்கிய பிள்ளையை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்கிறோம்.

அந்த வகுப்பு சமூகமாக இருக்கிறதா? இடைவேளையில் போய்ப் பாருங்கள். இங்கே பிறந்தவர்கள் ஒரு மூலை, போன வருடம் வந்தவர்கள் ஒரு மூலை. தமிழ் நன்றாகப் பேசுகிற புதுப் பிள்ளையை 'ஃபிரெஷி' என்று கூப்பிடுகிறார்கள். தமிழ் படிக்கத்தான் எல்லாரும் வந்திருக்கிறார்கள், நன்றாகத் தெரிந்தவர் கேலிக்குரியவர். மேடையில் அதே வாய்கள் விருந்தோம்பல் அதிகாரத்தைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும். ஊரில் அதிபர் கையொப்பமிட்ட நற்சான்றிதழை ஞாபகமிருக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. 'இவர் நன்னடத்தை உள்ளவர்' என்று ஒரே வசனத்தில் எல்லாருக்கும் எழுதப்பட்ட அந்தத் தாளைப் பார்த்து யாரும் யாரையும் நம்பியதில்லை.

அப்படியென்றால் பிள்ளைகளுக்கு நல்லதே சொல்லித்தர வேண்டாமா என்ற கேள்வி வரும். சொல்லுங்கள், பிள்ளை கேட்கும்போதும், பிழை நடக்கும்போதும். ஆனால் வகுப்பைச் சமூகமாக்குவது வேறு வேலை. அது சொல்லால் நடப்பதில்லை, ஏற்பாட்டால் நடக்கிறது. இரண்டு உதாரணம் போதும்.

1971இல் டெக்ஸஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரத்தில் பள்ளிகள் இன வேறுபாடின்றி ஒன்றாக்கப்பட்டன. வெள்ளை, கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே அறையில். சண்டை, அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற சமூக உளவியலாளரை உதவிக்குக் கூப்பிட்டார்கள். அவர் பிள்ளைகளின் குணத்தைப் பார்க்கவில்லை, பாடம் நடக்கும் விதத்தைப் பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், கைகள் உயர்கின்றன, ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்கு வாய்ப்புப் போகிறது, பிழையாகச் சொன்னால் மற்றவர்களுக்குச் சந்தோஷம். அடுத்தவன் தோற்றால்தான் நான் வெல்லலாம் என்று அமைந்த இடத்தில் அன்பைப் போதித்து என்ன பயன்? ஆரன்சன் வகுப்பை ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரித்தார். பாடத்தைத் துண்டுதுண்டாக வெட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. எல்லாருக்கும் முழுப் பாடத்திலும் பரீட்சை. மற்றவரின் துண்டு அவர் வாயிலிருந்து மட்டுமே கிடைக்கும்.

ஆங்கிலம் தடுமாறுகிற மெக்சிக்க வம்சாவளிச் சிறுவன் ஒருவன் தன் துண்டைச் சொல்ல முடியாமல் திணறினான். மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற உதவியாளர் பரிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிக்கலாம், ஆனால் அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குக் கிடைக்காது, பரீட்சை வருகிறது என்ற மாதிரி மட்டும் ஞாபகப்படுத்தினார். சில நாளில் அந்தப் பிள்ளைகள் அவனிடமிருந்து விஷயத்தை வெளியே கொண்டுவரும் விதமாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். கேட்கக் கேட்க அவன் பேசினான். பேசப் பேச, அவன் நினைத்த அளவுக்கு மக்கு இல்லை என்று கண்டார்கள். பிறகு அவனைப் பிடித்தும் போனது. பயனுக்காகத் தொடங்கியதுதான். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. ஊரில் ஒரு கிணற்றைப் பங்கிட்டவர்களும் அப்படித்தான் பழகினார்கள்.

இன்னொருவர் விவியன் பேலி. சிகாகோவில் பாலர் வகுப்பு ஆசிரியை. பல ஆண்டு கற்பித்தபின் அவரை அரித்த விஷயம் ஒன்றுதான்: ஒவ்வொரு வகுப்பிலும் சில பிள்ளைகள் 'நீ விளையாட்டுக்கு வரக்கூடாது' என்று சொல்லும் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள், தள்ளப்படும் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் தள்ளப்படுகிறார்கள். அவர் அன்பு மாதம் கொண்டாடவில்லை. சட்டம் போட்டார்: விளையாட்டிலிருந்து யாரும் யாரையும் விலக்க முடியாது. போடுவதற்கு முன் தன் வகுப்பிலும், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பெரிய பிள்ளைகளிடமும் போய் இது நியாயமா, நடக்குமா என்று விவாதித்தார். 1992இல் அதைப் புத்தகமாக எழுதினார். நியாயம்தான், ஆனால் நடக்காது என்று சொன்ன பிள்ளைகளை அவர் மறைக்கவில்லை. யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்று முடிவு செய்துவந்த சிறுமிதான் மிகவும் எதிர்த்தாள். அதுவும் அதில் இருக்கிறது. தள்ளப்பட்ட பிள்ளையிடம் 'நீ கொஞ்சம் நட்பாகப் பழகு' என்று குணத்தைத் திருத்தச் சொல்லாமல், தள்ளுகிற அதிகாரத்தைப் பறித்தார். ஒலிபெருக்கி அறிவிப்புக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

இரண்டுக்கும் காசு தேவைப்படவில்லை. இரண்டிலும் ஆசிரியர் தன் அதிகாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவோ, அதை வேறு பக்கம் திருப்பவோ வேண்டியிருந்தது. போஸ்டர் அதைக் கேட்பதில்லை. அதனால்தான் போஸ்டருக்கு இவ்வளவு செல்வாக்கு.

பெற்றோர் சந்திப்பு இரவில் நமக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதில் 'என் பிள்ளை நல்ல பிள்ளையா மிஸ்?' என்று கேட்பதை நிறுத்துவோம். அதற்கு எல்லாருக்கும் ஒரே பதில். மதியச் சாப்பாட்டில் பிள்ளை யாரோடு உட்காருகிறாள், குழுக்களைப் பிரிப்பது யார், போன சண்டை எப்படித் தீர்ந்தது, வகுப்பின் விதிகளில் எதையாவது பிள்ளைகள் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்போம். முதல் பக்கத்தில் 'என்' இருந்தால், எந்த நாளில் என்ன நடந்ததைப் பார்த்து இதைப் போட்டீர்கள் என்றும் கேட்போம். மரியாதையாகத்தான். சில ஆசிரியர்கள் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

தமிழ் வகுப்புகளுக்கு நான் வைக்கும் யோசனை இன்னும் சிறியது. வரும் ஆண்டு ஓர் அதிகாரத்தின் பத்துக் குறளை ஐந்து பேருக்கு இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். குழுவில் போன வருடம் வந்த பிள்ளை ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். அர்த்தத்தை அவரிடமிருந்து இங்கே பிறந்தவர்கள் கேட்டு எடுக்கட்டும். அதை ஆங்கிலத்தில் பள்ளி நண்பருக்கு எப்படி விளக்குவது என்பதை அவர் இவர்களிடமிருந்து கேட்டு எடுக்கட்டும். அதிகாரம் கொடுங்கோன்மையாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். மேடையில் ஐந்து பேரும் சேர்ந்து ஏறட்டும், ஒப்பிக்க வேண்டாம், சபையிலிருந்து வரும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். தனியாள் கேடயங்களுக்கு ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது என்று செயற்குழு சொல்லும். கட்டிய காசு வீணாக வேண்டாம். ஒரு குழுவுக்கு ஒரு கேடயம் கொடுத்து, எந்த வாரம் யார் வீட்டில் அது இருப்பது என்று அவர்களையே தீர்மானிக்க விடுங்கள்.